சாரத்தில் ஏறும் முன்: மதுரைப் பக்கம் கட்டட வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

என் இடது குதிகாலில் இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. மார்கழிப் பனியில் அது எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டுவேன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தோம். சாரத்துக்கும் சன்ஷேடுக்கும் நடுவில் பாலம் மாதிரி ஒரு பலகை. கட்டவில்லை, சும்மா போட்டிருந்தது. ஒரு கையில் வாளியோடு அதில் கால் வைத்தேன். பன்னிரண்டு அடி.

விழுந்தது ஒரு கஷ்டம். அதற்குப் பிறகு நடந்தது பெரிய கஷ்டம். இரண்டு பேர் என்னை பைக்கில் நடுவே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் மேஸ்திரி காதோரம் குனிந்தார். "தம்பி, பைக்ல விழுந்தேன்னு சொல்லிரு. போலீசு அது இதுன்னு வந்தா வீட்டுக்காரரு வேலைய நிப்பாட்டிருவாரு. செலவ நான் பாத்துக்கிறேன்." நானும் "சரிண்ணே" என்றேன். அன்றைக்கு எனக்கும் பைக்குக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அடிபட்ட பிறகு அதில் ஏறிப் போனதுதான்.

முதல் நாள் 5,000 ரூபாய் கொடுத்தார். இரண்டாவது வாரத்திலிருந்து போன் எடுக்கவில்லை. மொத்தச் செலவு 70,000 ரூபாயைத் தாண்டியது, நாலரை மாதம் கூலி இல்லை. நல வாரியத்தில் பதியவில்லை, காப்பீடு இல்லை, ஆஸ்பத்திரிப் பேப்பரில் நான் பைக்கில் விழுந்தவன். யாரிடம் போய் எதைக் கேட்பது?

அதனால், மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையில் எழுதுகிறேன். பெயிண்டர், கொத்தனார், சித்தாள், எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்குகிற பலகை அடைப்பு) ஆள், டைல்ஸ் போடுகிறவர் யாராக இருந்தாலும் பேப்பர் வேலை ஒன்றுதான்.

1. நல வாரியத்தில் பெயரைப் பதியுங்கள்

பதிந்தவருக்கு விபத்து உதவி தருகிற தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் என்று ஒன்று இருப்பது எனக்கு விழுந்த பிறகுதான் தெரியும். 18 வயது முடிந்திருக்க வேண்டும், 60 தாண்டியிருக்கக் கூடாது. கடந்த 12 மாதத்தில் குறைந்தது 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். தொடர்ந்து 90 நாள் என்றில்லை, விட்டு விட்டுச் செய்ததும் கணக்குதான். ஆகவே வேலைக்கு வந்த நான்காவது மாதமே பதிந்துவிடலாம்.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே செய்யலாம். செல்போனில் கஷ்டம் என்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். அங்கே சேவைக் கட்டணம் மட்டும் வாங்குவார்கள். "ஆயிரம் ரூபாய் கொடு, கார்டு நான் வாங்கித் தர்றேன்" என்று சைட்டுக்கே வருகிற ஆட்கள் உண்டு. அந்த ஆயிரத்தில் ஹெல்மெட்டும் நல்ல ஷூவும் வந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், வயதுக்கு ஒரு சான்று, புகைப்படம், வேலை செய்ததற்கான சான்று. கடைசியில் சொன்னதில்தான் எல்லோரும் மாட்டுகிறோம். வேலை கொடுத்தவரோ பதிவு பெற்ற தொழிற்சங்கமோ கையெழுத்துப் போட வேண்டும். மேஸ்திரிகள் கையெழுத்து என்றாலே பின்வாங்குவார்கள். வேலை மும்முரமாக நடக்கும்போது, அவருக்கு உங்கள் கை தேவைப்படுகிற நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். வேலை முடிந்து கணக்குத் தீர்த்த பிறகு கேட்டால் நடக்காது. அதுவும் இல்லையென்றால் தொழிற்சங்கத்தில் சேர்ந்து அங்கே வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன்.

என் மனு முதல் தடவை திரும்பி வந்தது. ஆதாரில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால், பாஸ்புக்கில் முன்னால். இந்தச் சின்ன விஷயத்துக்கு மூன்று வாரம் போனது. மனுப் போடுவதற்கு முன் ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஆதாரோடு இணைத்த செல் நம்பர் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். எல்லாம் சரியாக இருந்தும் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

கார்டு வந்தபின் மறக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, 5 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதினால் அடுத்த வருடம் காலண்டரோடு அதுவும் போய்விடும். பீரோக் கதவின் உள்பக்கம் எழுதுங்கள். இரண்டு, நியமனதாரர் (நாமினி, நமக்கு ஏதாவது ஆனால் பணம் வாங்குகிறவர்) பெயர். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருப்போம், அப்படியே கிடக்கும். கல்யாணம், குழந்தை என்று குடும்பம் மாறினால் அதையும் பார்த்து மாற்றிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம்: இ-ஷ்ரம் கார்டு. அது மத்திய அரசின் பதிவு, 12 இலக்க எண் வரும். அதுவும் இலவசம், எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது இருந்தால் நல வாரியக் கார்டு இருக்கிற மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குரூப்பில் நான்கு பேர் அப்படித்தான் இருந்தோம்.

2. வருடத்துக்கு 20 ரூபாய்

வங்கிக் கணக்கு இருக்கிற யாரும், 18 வயதிலிருந்து 70 வரை, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்கிற விபத்துக் காப்பீட்டில் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ, இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் போனாலோ 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் போனால் 1 லட்சம். உங்கள் வங்கிக் கிளையிலேயே படிவம் கிடைக்கும். நிரப்ப ஐந்து நிமிடம்.

எலும்பு முறிவுக்கு இதில் ஒரு பைசா வராது. என் குதிகாலுக்கு வந்திருக்காது. அது தெரிந்தே சேருங்கள்.

பொறி எங்கே என்றால், காப்பீட்டு வருடம் ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடியும். கணக்கிலிருந்து 20 ரூபாயைத் தானாக எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரம் கணக்கில் காசு இல்லையென்றால் காப்பீடும் இல்லை. கூலி வந்ததும் மொத்தமாக வழித்து எடுத்துவிடுகிற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. மே மாதம் முழுக்க கணக்கில் 100 ரூபாயாவது விட்டு வையுங்கள்.

3. முதல்வர் காப்பீட்டு அட்டை

குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இதற்கென்று இருக்கிற மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் மனுப் போட்டுக் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டியிருக்கும், அதை முதலில் தொடங்குங்கள். ஒரு நாள் கூலி போகும்தான். காலில் கட்டோடு அந்த வரிசையில் நின்றுபார்த்தவன் சொல்கிறேன், நல்ல காலோடு போய் நிற்பது மேல்.

4. சாமான்: எதை வாங்குவது, எதில் ஏமாறுவது

பெரிய கம்பெனி சைட் என்றால் ஹெல்மெட், பெல்ட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டு வேலைகளில் யாரும் தர மாட்டார்கள், நாம்தான் வாங்க வேண்டும். தெற்கு மாரட் வீதிப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. எனக்கு ஆன செலவு ஏறக்குறைய இது: ஹெல்மெட் 220, ஷூ 900, முழு உடம்பு பெல்ட் 1,500, கண்ணாடி 80, கையுறை 60. மூவாயிரத்துக்குள் முடிந்தது. ஒரே வாரத்தில் வாங்க முடியாவிட்டால் முதலில் ஷூ, அப்புறம் ஹெல்மெட், அப்புறம் பெல்ட். ஷூவை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஆணி தினமும் இருக்கிறது, அதுவும் சென்ட்ரிங் பிரித்த இடத்தில் செருப்போடு நடப்பது நேர்த்திக்கடன் மாதிரி.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். அதன் மேலே ஐ.எஸ். 2925 என்ற எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். பெல்ட்டுக்கு ஐ.எஸ். 3521, ஷூவுக்கு ஐ.எஸ். 15298. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணைத் தட்டினால் உண்மையா போலியா என்று காட்டும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். 60 ரூபாய்க்கு விற்கிற மஞ்சள் தொப்பி வெயிலுக்குத்தான் ஆகும். ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பெல்ட்டில் இடுப்பு பெல்ட் வேண்டாம். விழுகிற வேகத்தில் அது வயிற்றையும் முதுகெலும்பையும் முறித்துவிடும். தோளிலும் தொடையிலும் மாட்டுகிற முழு பெல்ட்தான். கொக்கியை எதில் மாட்டுகிறோம் என்பது அதைவிட முக்கியம். நாம் நிற்கிற சாரக் கம்பிலேயே மாட்டினால் சாரம் சரியும்போது நம்மையும் கூட்டிக்கொண்டு போகும். தூணிலோ, மேலே பீமிலோ தனிக் கயிறு கட்டி, தலைக்கு மேலே இருக்கிற மாதிரி மாட்டுங்கள்.

5. சைட்டில் முதல் பத்து நிமிடம்

டீ குடிக்கிற நேரம்தான். வாளியை இறக்கி வைக்கும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

முதலில் மேலே பாருங்கள். மொட்டை மாடிக்குப் பக்கத்தில் ஈ.பி. லைன் போகிறதா? மதுரையில் புதிதாக வந்த ஏரியாக்களில் 11,000 வோல்ட் லைன் கைக்கு எட்டுகிற தூரத்தில் போகிற வீடுகள் உண்டு. அந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, இரும்புப் பைப்போ முறுக்குக் கம்பியோ பக்கத்தில் போனாலே பாய்ந்துவிடும். ஆட்கள் சாவது பெரும்பாலும் கம்பியைத் தூக்கித் திருப்பும்போதுதான். தூக்குகிறவன் கண் கீழே படியைப் பார்க்கும், கம்பியின் மறு முனை எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. லைன் பத்து அடிக்குள் இருந்தால் நிறுத்துங்கள். வீட்டுக்காரரை ஈ.பி. ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி, லைனை ஆஃப் செய்து வாங்கிய பிறகுதான் அந்தப் பக்கம் வேலை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம் கீழே. சம்ப்புக்கு (தரைக்குக் கீழே இருக்கிற தண்ணீர்த் தொட்டி) மூடி இருக்கிறதா, லிஃப்ட் குழிக்குத் தடுப்பு இருக்கிறதா, சிமெண்ட் பையை விரித்து எதையாவது மூடி வைத்திருக்கிறார்களா. அஸ்திவாரக் குழி ஐந்து அடிக்கு மேல் ஆழம் என்றால், பக்கத்து மண்ணுக்கு முட்டுக் கொடுக்காமல் இறங்காதீர்கள். தோண்டிய மண்ணைக் குழி விளிம்பிலேயே குவித்திருந்தால் அதையும் தள்ளிப் போடச் சொல்லுங்கள். கரிசல் மண் காய்ந்து வெடித்து நிற்கும்போது உறுதியாகத்தான் தெரியும். ஒரு மழை போதும்.

6. சாரமும் ஏணியும்

என்னைக் கீழே தள்ளியது கட்டாத பலகை. ஆகவே இதில் கொஞ்சம் நீட்டி முழக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவுக்குக் கம்புச் சாரம் என்றால் முதலில் கயிற்றைப் பாருங்கள். முந்தின வீட்டில் கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டியிருப்பார்கள். நகத்தால் சுரண்டினால் நார் பொடியாக வந்தால் அது போன கயிறு. கம்பு கீழே மண்ணில் நிற்கிறதா, செங்கல்லின் மேல் நிற்கிறதா? அடுக்கிய செங்கல் மேல் நிற்கிற சாரத்தில் நான் இப்போது ஏறுவதில்லை. சுவரோடு எங்கெங்கே கட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு கட்டும் இல்லாமல் சும்மா சாய்ந்து நிற்கிற சாரங்களைப் பார்த்திருக்கிறேன். ஆடிக்காற்று அடிக்கிற மாதத்திலும், இரவு மழை பெய்த மறுநாள் காலையிலும் முடிச்சு முடிச்சாகத் தொட்டுப் பார்க்காமல் யாரும் ஏறக் கூடாது.

பலகை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், மூன்று நல்லது. இரண்டு முனையும் கட்டியிருக்க வேண்டும். பலகையின் முனை கம்பைத் தாண்டி அரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். அதற்காக இரண்டு அடி நீட்டி வைத்தால் முனையில் கால் வைக்கும்போது சீசா ஆடிவிடும். சன்ஷேடில் நிற்காதீர்கள். அது மழையைத் தாங்கப் போட்டது, பழைய வீட்டில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கும். பூச்சு மட்டும்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

ஏணிக்கு ஒரு சுலபக் கணக்கு: நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே. பன்னிரண்டு அடியில் சாய்க்கிறீர்கள் என்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி இருக்க வேண்டும். மாடிக்கு ஏறுவதற்கு என்றால் ஏணி தளத்தைத் தாண்டி மூன்று அடி மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பிடித்து இறங்க அதுதான் கை. டைல்ஸ் போட்ட தரையில் ஏணி வைத்தால் கீழே ஈரச் சாக்கு. அலுமினிய ஏணியை ஒயர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

இதையெல்லாம் டீக்கடையில் சொன்னால் "என்னடா, புதுசா பயந்து சாகுற, இருவது வருசமா நாங்க ஏறல?" என்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். ஏறினவர்கள்தான் சொல்கிறார்கள். விழுந்தவர் அந்த டீக்கடையில் இல்லை.

7. கரண்ட்: ஆஃப் செய்தது ஆஃப் ஆகியிருக்கிறதா

எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் மெயினை ஆஃப் செய்துவிட்டோம் என்று ஈரச் சுவரைத் தேய்க்கப் போகாதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் ஆன் ஆகும். ஃபேனும் லைட்டும் வருகிற அத்தனை பாயிண்டிலும் 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தனியாக அணைக்க வேண்டும். மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸ் மட்டும் அணைந்திருக்கலாம். அந்தக் காலத்து ஆட்கள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். அதைவிட நல்ல பூட்டு இன்னும் வரவில்லை. கட்டை இல்லாத வீட்டில் சுவிட்சில் டேப் ஒட்டி, "ஆள் வேலை செய்கிறார்" என்று எழுதி, வீட்டம்மாவிடமும் சொல்லுங்கள். மிக்சி ஓடவில்லையே என்று வந்து போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

கிரைண்டர், டிரில்லிங் மெஷின், டைல்ஸ் கட்டர் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச்) வழியாகத்தான் ஓட வேண்டும். அதில் ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும், அமுக்கினால் டக்கென்று விழ வேண்டும். தினமும் காலையில் ஒரு தடவை அமுக்குங்கள். விழவில்லையென்றால் அது வெறும் அலங்காரம். பிளக் இல்லாமல் ஒயரின் இரண்டு முனையையும் சாக்கெட்டில் செருகி, தீக்குச்சி வைத்து முட்டுக் கொடுக்கிற பழக்கத்தை நாம் எப்போதுதான் விடப் போகிறோமோ தெரியவில்லை. பிளக் விலை அறுபது ரூபாய்.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயின். மெயின் எங்கே என்று தெரியாவிட்டால் காய்ந்த கம்பால் ஒயரைத் தள்ளிவிடுங்கள். அப்புறம் 108.

8. இறங்கக் கூடாத குழி

செப்டிக் டேங்க்கில் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதன் இறங்கிச் சுத்தம் செய்வதை 2013 சட்டம் தடை செய்துவிட்டது. அது பழைய டேங்க். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது புது டேங்க்கில், புது சம்ப்பில். கழிவே இல்லையே, நேற்றுக் கட்டியதுதானே என்று சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்குவார்கள். மேலே கான்கிரீட் போட்டு மூடி இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும், உள்ளே ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் அழுகி இருக்கிற பிராணவாயுவைத் தின்று தீர்த்திருக்கும். இறங்கினவர் சத்தம் போடக்கூட நேரமில்லாமல் மயங்கி விழுவார். அவரைத் தூக்க ஒருவர், அந்த ஒருவரைத் தூக்க இன்னொருவர். செய்தியில் மூன்று பேர் என்று வருவது இப்படித்தான்.

மூடியை எல்லாம் திறந்து ஒரு முழு நாளாவது விட்டு, காற்று ஊதுகிற மெஷின் வைத்து உள்ளே காற்றை அனுப்பி, உள்ளே வாயு அளக்கிற மீட்டர் விட்டுப் பார்த்து, இறங்குகிறவர் உடம்பில் முழு பெல்ட்டும் கயிறும் மாட்டி, கயிற்றின் மறு முனையோடு மேலே இரண்டு பேர் நின்றால்தான் அந்த வேலை. மெழுகுவர்த்தி கொளுத்தி இறக்கிப் பார்ப்பது ஆபத்து, எரிகிற வாயு இருந்தால் வெடித்துவிடும். மீட்டரும் மெஷினும் இல்லை என்றால் "எனக்குத் தெரியாதுண்ணே, ஆள் வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 900 ரூபாய்க் கூலிக்கு அது சேராது.

9. கண், தூசி, வெயில்

சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் கசக்காதீர்கள். ஓடுகிற நல்ல தண்ணீரில் 20 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவுங்கள், கழுவிவிட்டு நேராகக் கண்ணாஸ்பத்திரி. சிமெண்ட் பாலும் அதே மாதிரிதான். வெல்டிங் வெளிச்சம் பார்த்தவனுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்ணில் மணலைக் கொட்டினது மாதிரி இருக்கும். தாய்ப்பால், வெங்காயச் சாறு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எதையும் ஊற்றாதீர்கள். அண்ணா நகர் அரவிந்த் ஆஸ்பத்திரியோ, பெரியாஸ்பத்திரி கண் பிரிவோ போங்கள், மதுரையில் இருந்துகொண்டு கண்ணுக்கு நாட்டு வைத்தியம் பார்ப்பது வெட்கக்கேடு.

கிரானைட்டும் டைல்ஸும் அறுக்கிற தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். முகத்தில் துண்டு கட்டுவது அந்தத் தூசிக்குத் தடையே இல்லை, என்-95 மாஸ்க் வேண்டும். கிரைண்டர் சக்கரத்தை மூடியிருக்கிற கார்டைக் கழற்றாதீர்கள். கழுத்தில் துண்டு, இடுப்பில் கைலி இரண்டையும் கிரைண்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் 40 டிகிரி வெயிலில் தளத்தில் வேலை என்றால் காலை 6 மணிக்குத் தொடங்கி 11-க்கு முடித்து, 3 மணிக்கு மேல் மறுபடி ஏறுங்கள். வியர்வை நின்று, ஆள் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது மயக்கமல்ல, வெயில் அடி. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், உடனே 108.

10. அடிபட்ட முதல் ஒரு மணி நேரம்

உயரத்திலிருந்து விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள். பைக்கில் நடுவில் வைத்துக் கொண்டுபோகவே கூடாது. கழுத்தோ முதுகோ முறிந்திருந்தால் அந்தப் பயணத்தில்தான் கால் செயலிழக்கும். 108 வரும்வரை அசையாமல் படுத்திருக்கட்டும். யாராவது ஒருவர் போனில் படம் எடுங்கள்: விழுந்த இடம், சாரம், பலகை, ஆள். மனது வராதுதான், ஆனாலும் எடுங்கள். மறுநாள் காலை அந்தச் சாரம் அங்கே இருக்காது.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒருவர் கேள்வி கேட்டு எழுதுவார். எப்படி அடிபட்டது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் கூட்டி வந்தார்கள். இதுதான் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். என்பார்கள். பின்னால் வருகிற எல்லாப் பேப்பரும் இந்த நாலு வரியைப் பார்த்துத்தான் எழுதப்படும். போலீஸ், நல வாரியம், இழப்பீடு, எல்லாம். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: "இன்ன ஊரில், இன்னார் வீட்டில், இன்ன மேஸ்திரியிடம் பெயிண்டிங் வேலை செய்யும்போது சாரத்திலிருந்து பன்னிரண்டு அடி கீழே விழுந்தேன்." உங்களால் பேச முடியாவிட்டால் கூட வந்தவர் சொல்ல வேண்டும். யார் கூட வரப் போகிறார் என்பதை முன்னாலேயே ஒருவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அது மேஸ்திரியாக இருக்க வேண்டாம்.

இன்னொன்று. வாயில் சாராய வாடை அடித்தால் டாக்டர் அதையும் எழுதுவார். குடிபோதையில் நடந்த விபத்துக்கு, உயிர்ச்சேதமோ முழு ஊனமோ ஆனால் ஒழிய, முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. ராத்திரி குவார்ட்டர் காலையிலும் வாடை அடிக்கும். பாதுகாப்புக்குக் கொடுத்ததை வேண்டுமென்றே கழற்றி வைத்திருந்தாலும் இதே கதிதான்.

11. அடுத்த இரண்டு வாரம்: பேப்பர்

கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது செய்ய வேண்டியது. அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகார் வாங்கியதற்கான ரசீது) வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். ஏ.ஆர். நகல், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் ஒன்று விடாமல். பில்லில் மை சீக்கிரம் அழிந்துவிடும், அன்றன்றே போட்டோ எடுங்கள்.

வேலை செய்யும்போது அடிபட்டால் வைத்தியச் செலவை முதலாளி தர வேண்டும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒரு தடவை மாதக் கூலியில் 25 சதவீதம் தர வேண்டும். மூன்று நாளுக்குள் சரியாகிற காயத்துக்கு இது கிடையாது. நிரந்தர ஊனம் என்றால் தனிக் கணக்கு. தரவில்லையென்றால் தொழிலாளர் துறையில் இழப்பீடு விசாரிக்கிற அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், விபத்து நடந்த 2 வருடத்துக்குள். வக்கீலுக்குக் காசில்லையென்றால் 15100-க்கு போன் போட்டு இலவசச் சட்ட உதவி கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இதற்கென்றே இருக்கிறது.

அங்கே போனதும் கேட்கிற முதல் கேள்வி: இவரிடம்தான் வேலை செய்தாய், இவ்வளவு கூலி என்பதற்கு என்ன ஆதாரம்? எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் கையில் வாங்கிய ரொக்கம். இப்போது கூலியை ஜிபேயில்தான் வாங்குகிறேன். ரொக்கம்தான் தருவேன் என்கிற மேஸ்திரியிடம் வாங்கிய அன்றே வாட்ஸப்பில் "அண்ணே, இந்த வாரம் 4,800 வந்துச்சு" என்று ஒரு செய்தி போட்டுவிடுவேன். அவர் கட்டைவிரல் படம் போட்டால்கூடப் போதும். நாள் கணக்கு எழுத ஒரு சின்ன நோட்டும் உண்டு, தேதி, வீடு, மேஸ்திரி, கூலி.

நல வாரியத்தில் பதிந்தவர் என்றால் விபத்து உதவிக்கு அங்கேயும் தனியாக மனுப் போட வேண்டும், தானாக வராது. தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம் என்று கேளுங்கள். இழப்பீடு கேட்டிருப்பதால் வாரிய உதவி கிடைக்காது என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாமல், மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போடுங்கள்: வாரியக் கார்டு, காப்பீட்டு அட்டை, பாஸ்புக் நகல், ஆதார் நகல், அந்தச் சின்ன நோட்டு, இரண்டு புகைப்படம், நீங்கள் வேலை செய்கிற வீட்டின் முகவரி எழுதிய துண்டு. துண்டை மட்டும் வீடு மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டும். ஃபைல் உங்களிடம் இருக்க வேண்டாம், பீரோவில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். விழுந்து கிடக்கிற ஆளிடம் போய்ச் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. என்னுடையது அம்மாவிடம் இருக்கிறது, அரிசி டிரம்முக்கு மேல். கரப்பான் கடிக்காமல் உள்ளே இரண்டு அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறார்.